தாயின் கோபம் காரணமாக

"வருந்துகிறோம். தாயின் கோபம் காரணமாகக் கரு நிலைக்கவில்லை. அடுத்த முறை கவனமாக இருப்போம்."

இந்தச் செய்தி கவிநிலாவின் போனுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் கரு போனபோது ஒரு தடவை, மறு வருஷம் அடுத்தது போனபோது ஒரு தடவை. ஓர் எழுத்துகூட மாறவில்லை. அவளுக்கு மட்டுமா வந்தது? கணவன் பிரணவின் போனுக்கும் மாமியார் சுகந்தியின் போனுக்கும் அதே நேரத்தில் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுருண்டு கிடந்தபோது இரண்டு பேரும் அதைப் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவள் சாகிறவரைக்கும் மறக்க மாட்டாள். அதிலும் அந்த 'இருப்போம்' இருக்கிறதே, அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வலி அவளுக்கு, ரத்தம் அவளுக்கு, பழி அவளுக்கு. கவனமாக இருப்பது மட்டும் எல்லோருமாம்!

ஆனால் பற்றிக்கொண்டு வரக் கூடாது. அதுதானே காரணம்.

செய்தி அனுப்புவது ஒரு வில்லை. பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். நாள் தள்ளிப்போனதுமே தொப்புளுக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். வியர்வையிலிருந்தும் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்திலிருந்தும் அது என்னென்னவோ படித்து, உள்ளே கரு எப்படி இருக்கிறது, வெளியே தாய் எப்படி இருக்கிறாள் என்று சொல்லும். தாய் அமைதியாக இருந்தால் போனில் பச்சை. கொஞ்சம் படபடத்தால் மஞ்சள். கோபம் வந்தால் சிவப்பு. கூடவே குடும்பத்தார் போன்களில் எல்லாம் ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம். எந்தப் புண்ணியவானுக்கு அந்தச் சத்தத்தை வைக்கத் தோன்றியதோ, நன்றாக இருக்கட்டும். ஈரோட்டில் இப்போது வில்லை ஒட்டாத கர்ப்பிணியைப் பார்த்தால், கேட்க நாதியில்லாத பெண் போலிருக்கிறது என்று பரிதாபப்படுகிறார்கள்.

இப்போது வயிற்றில் இருப்பது மூன்றாவது. இரண்டு மாதம் ஆகப்போகிறது.

உள்ளதைச் சொல்ல வேண்டும், வில்லையில் அவளுக்குப் பிடித்ததும் ஒன்று இருந்தது. தினமும் காலையில் உள்ளே என்ன வளர்ந்திருக்கிறது என்று ஒரு வரி வரும். இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கிறது. கைகள் மொட்டு விட்டிருக்கின்றன. இன்று முழங்கை மடங்கும். அதைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிப்பாள். படித்துவிட்டுத் தன் முழங்கையை ஒரு முறை மடக்கிப் பார்ப்பாள். அந்தக் குட்டி முழங்கைக்காகத்தான் கோபத்தை விழுங்கப் பழகினாள்.

விழுங்குவது லேசாக இல்லை. அவள் பார்த்த வேலை அப்படி. பெருந்துறை ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். தானாக ஓடும் வண்டிகள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் மஞ்சள் மண்டித் தெருக்களுக்குள் நுழைந்தால் அவை திகைத்துப்போய் நின்றுவிடும். குறுக்கே மாடு வரும், மூட்டை வரும், எதிர்த்திசையில் மொபெட் வரும். அதனால் அங்கே தொழில் பார்ப்பவர்கள் இன்னமும் கையால் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு வந்திருந்தவர் ஒரு மண்டி முதலாளி. அவள் பிரேக் என்றால் ஆக்சிலேட்டரை மிதித்தார். இடது என்றால் வலது பக்கம் ஒடித்தார். கடைசியில் ஓரமாக நின்ற தள்ளுவண்டியை உரசிவிட்டு, அவளைப் பார்த்து முறைத்தார்.

"பக்கத்துல நீ நொய்யி நொய்யின்னா நான் எப்படி ஓட்டறது? பொம்பளைப்புள்ள சொல்லி நான் வண்டி பழகோணும்னு என்ற தலையில எழுதியிருக்குது."

மற்ற நாளாக இருந்தால் கவிநிலா அவரை நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பாள். இதற்கு முன் இரண்டு பேரை அப்படி இறக்கிவிட்டதில் அவளுக்கு ஸ்கூலில் நல்ல பெயரே உண்டு. இப்போது கண்ணை மூடித் திறந்து, "பரவாயில்லைங்க, மறுபடி எடுங்க" என்றாள். அதற்குள் பிரணவ் கூப்பிட்டுவிட்டான்.

"கவி, மஞ்சள் காட்டுது. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாம மஞ்சள் காட்டாது. மூச்சை நல்லா இழுத்து விடு."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது பிரணவ் காபியோடு காத்திருந்தான். காபியோடு காத்திருந்தாலே ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"உங்க ஓனர்கிட்டப் பேசிட்டேன். நாளையிலிருந்து நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன். குழந்தை பொறந்து, அது ஸ்கூல் போற வரைக்கும் எதுக்கு இந்த வேலை?"

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டா நீ கோபப்படுவே. அதனாலதான் கேக்கல."

எப்படி இருக்கிறது நியாயம்! கேட்டால் கோபம் வரும் என்று கேட்காமலேயே செய்வது. செய்த பிறகு, கோபப்படாதே என்று புத்தி சொல்வது. இதற்கு அவள் என்ன பதில் சொன்னாலும் குழந்தை வீறிடும். எனவே அவள் காபியைக் குடித்தாள். நாக்கு சுட்டது. அதையும் சொல்லவில்லை.

சுகந்தி அடுப்படியிலிருந்து போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "பாரு கண்ணு, பச்சை! எப்படி இருக்குது பாரு. இதே மாதிரி போன ரெண்டு தடவையும் நீ இருந்திருந்தீன்னா இன்னேரம் வீட்டுல ரெண்டு ஓடிட்டிருக்கும்."

சுகந்தி கெட்டவள் இல்லை. மருமகளுக்கு வாந்தி வந்தால் தலையைப் பிடித்துவிடுகிறவள்தான். அவளுக்கு மிஷின் சொன்னது வேதம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்தபோது கவிநிலாவுக்கு முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. உள்ளுக்குள் அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். பச்சை எப்படி வந்தது? வண்டியில் வாயைத் திறக்காமலே மஞ்சள் காட்டியது, இப்போது கொதிக்கும்போது பச்சை காட்டுகிறதே, கோபம் எது என்று அதற்கு உண்மையிலேயே தெரியுமா?

கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். சொல்வதற்குள் போய்விட்டால், பிறகு எதைச் சொல்வது? இருக்கிறது என்றே சொல்லாத ஒன்று போய்விட்டது என்று யாரிடம் போய் அழுவது? அவளைப் பெற்ற தாய்க்கே முதல் கரு போன விஷயம் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓவியாவுக்கு வளைகாப்பு. ஓவியா பிரணவின் சித்தப்பா மகள். மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டுவிட்டு நகர, கவிநிலாவும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது மூத்த அத்தை ஒருத்தி சந்தனக் கிண்ணத்தைச் சிரித்துக்கொண்டே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ வெக்க வேண்டாம் கண்ணு. புள்ளை பெத்தவிய வெக்கட்டும். உனக்கும் காலம் வராமயா போயிரும்?"

கூட்டத்துக்குள் இரண்டு குழந்தைகள் வீறிட்டன. ஒன்று சுகந்தியின் கைப்பைக்குள், இன்னொன்று ஆண்கள் பக்கத்தில் பிரணவின் சட்டைப் பையில். சுகந்தி மருமகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அவ சொன்னா சொல்லீட்டுப் போறா, உனக்கு எதுக்கு இத்தனை ரோஷம்? அடக்கு கண்ணு, அடக்கு. உன்ற காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இதையும் தின்னுபோடாதே!"

சொல்லிவிட்டு, சொன்னது அதிகம் என்று அவளுக்கே பட்டதோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கவிநிலா அங்கேயே உட்கார்ந்தாள். தின்றுவிட்டாளாம். இரண்டு குழந்தைகளைத் தின்றவள். போனில் சிவப்பு மின்னிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவளுக்கு வழி தெரியவில்லை, அமைதியானால்தான் அணையும்.

"அண்ணி."

ஓவியா. கை நிறைய வளையலோடு, சத்தம் கேட்டு அவர்கள் பின்னாலேயே எழுந்து வந்தவள், மேடைப் பக்கத்துக் கதவு வழியாக நுழைந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பெரியம்மா 'இதையும்'னு சொன்னாங்களே. அப்படின்னா?"

பொய் சொல்ல கவிநிலாவுக்குத் தெம்பு இல்லை. "ரெண்டு போயிருச்சு ஓவியா. ரெண்டும் ரெண்டு மாசத்துக்குள்ள. என்ற கோபத்துனால."

"யார் சொன்னா?"

"வில்லைதான். 'வருந்துகிறோம். தாயின் கோபம் காரணமாகக் கரு நிலைக்கவில்லை.'"

ஓவியா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். ஏழு மாத வயிற்றோடு உட்காருவது சிரமமாக இருந்தது. "அடுத்த முறை கவனமாக..." என்றாள்.

"இருப்போம்" என்று கவிநிலா முடித்தாள். முடித்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு போச்சு அண்ணி. எங்கம்மாவுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு 'தாயின் அலைச்சல் காரணமாக'ன்னு வந்துச்சு. விதைக் கம்பெனியில ஊர் ஊராப் போயிட்டிருந்தேனே, அந்த வேலையை எதுக்கு விட்டேன்னு நினைக்கிறீங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே குடும்பம். ஒரே சாப்பாட்டுப் பந்தியில் எத்தனை தடவை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை மட்டும் மாற்றி எழுதிய அதே செய்தியை இரண்டு பேரும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்ற வழக்கம் யாருக்கு நல்லதாக அமைந்ததோ இல்லையோ, வில்லை விற்கிறவனுக்கு அருமையாக அமைந்துவிட்டது.

வில்லைக் கம்பெனி கோயமுத்தூரில் அவினாசி ரோட்டில் இருந்தது. நேரில் போய்க் கேட்கப்போகிறேன் என்று கவிநிலா சொன்னதும், "நீ தனியாப் போனா சத்தம் போடுவே, நானும் வரேன்" என்று பிரணவும் கிளம்பினான். வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மருத்துவப் பிரிவைக் கவனித்தவள் டாக்டர் ஷெரின். தூக்கம் கெட்ட முகம். முன்னால் ஆறிப்போன டீ. கவிநிலா தன் செய்தியையும் ஓவியாவின் செய்தியையும் அவள் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கோபம். என்ற நாத்தனாருக்கு அலைச்சல். மத்த வார்த்தை எல்லாம் அச்சா ஒண்ணுதான். இது எப்படிங்க?"

"வாசகம் ஒண்ணுதாங்க. காரணம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்."

"அந்தக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

டாக்டர் பிரணவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டீயைப் பார்த்தாள். "கண்டுபிடிக்கறதில்லைங்க. கண்டுபிடிக்க முடியாது. ஆரம்பத்துல கலையறதுல பாதிக்கு மேல, கரு உண்டாகும்போதே அதோட மரபணுக்கள் கூடக்குறையாப் போயிருக்கும். அது தானா நின்னுபோயிரும். தாய் கோபப்பட்டாலும் ஒண்ணுதான், கோயில்ல உக்காந்து தியானம் பண்ணினாலும் ஒண்ணுதான். மிச்சத்துல முக்காவாசிக்கு யாருக்கும் காரணம் தெரியாது."

"தெரியாதுன்னு போட வேண்டியதுதானுங்களே."

"போட்டோம். முதல் வருஷம் அப்படித்தான் போட்டோம். 'காரணம் தெரியவில்லை. யார்மேலும் தவறில்லை.' எத்தனை பேர் வில்லையைக் கொண்டாந்து இந்த மேசைமேல எறிஞ்சாங்க தெரியுங்களா? தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கய்யா ஒரு மிஷின்னு கேட்டாங்க."

"எறிஞ்சது பொம்பளைங்களா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. "இல்லைங்க. பொம்பளைங்க யாரும் வரல."

"அதுக்கு என்ன பண்ணீங்க?"

"மேல இருக்கறவங்க ஒரு வழி சொன்னாங்க. பதிவு பண்றப்பவே வீட்டுக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கலாம்னு. தாயிடம் எது மாறினால் குழந்தைக்கு நல்லதுன்னு நினைக்கிறீங்க? பட்டியல்ல அவர் எதை அமுக்கறாரோ, கரு கலைஞ்சா அதையே காரணமா அனுப்பிருவோம். அதுக்கப்புறம் ஒரு புகார்கூட வரலைங்க. எல்லாரும் சரியாத்தான் இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாங்க." பிறகு, தன் கம்பெனியைக் காப்பாற்ற நினைத்தவள் மாதிரி, "நாங்களாச் சொன்னதில்லைங்க. உங்க வீட்டுக்காரர் சொன்னதுதான்" என்றாள்.

கவிநிலா திரும்பினாள். பிரணவ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, மறுபடி வெளியே எடுத்தான்.

"கவி, அது சும்மா... ஏதாச்சும் ஒண்ணை அமுக்கினாத்தான் அடுத்த பக்கம் போகும்னு இருந்துச்சு. அன்னைக்குக் காத்தால நம்ம சண்டை போட்டிருந்தோம். விளையாட்டா அமுக்கிட்டேன்."

"செய்தி வந்தப்போ, இது நீங்க அமுக்கினதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். மிஷின் சொல்லுதுன்னுதான் நம்பினேன்."

அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கொடுமை. தான் சொன்னதையே மிஷின் திருப்பிச் சொன்னபோது, ஆகா, என்ன துல்லியம் என்று நம்பியிருக்கிறான்.

"எதுவும் மாற வேண்டாம்னு ஒண்ணு அதுல இல்லீங்களா?" என்று அவள் டாக்டரைக் கேட்டாள்.

"இருந்துச்சுங்க. கடைசியில."

"அதை அமுக்கினா என்ன செய்தி வரும்?"

"பழைய செய்திதாங்க. காரணம் தெரியவில்லை, யார்மேலும் தவறில்லைன்னு."

குழந்தை வீறிட்டது. பிரணவின் கை தானாகப் போனைத் திருப்பியது, கண் தானாகச் சிவப்பைப் பார்த்தது, வாயும் தானாகத் திறந்தது. "கவி, சிவப்பு காட்டுது. வயித்துல..."

"வாயை மூடு!"

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீங்க, வாங்க என்று மட்டுமே கூப்பிட்டவள். அவன் அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டான். கவிநிலா டாக்டர் பக்கம் குனிந்தாள்.

"இப்ப வயித்துல இருக்கறதுக்கு என்ற கோபம் ஏதாச்சும் பண்ணுமா? உள்ளதைச் சொல்லுங்க."

"கோபப்பட்டதுனால கரு கலையாதுங்க. நாள் கணக்கா பயந்துட்டு, தூங்காம, வெசனத்தை உள்ளயே போட்டுட்டு இருந்தா உங்க உடம்பு கெடும். அதுக்கு உங்களைப் பார்த்துக்கத்தான் ஆள் வேணும், அதட்டறதுக்கு இல்ல." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "இது நிக்குமா நிக்காதான்னு கேட்டா எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

இத்தனை நாளில் அவளுக்குக் கிடைத்த முதல் யோக்கியமான பதில் அதுதான். கவிநிலா புடவைக்கு உள்ளே கையை விட்டு வில்லையைப் பிய்த்தாள். தோல் கொஞ்சம் கூடவே வந்தது. அதை டீ டம்ளருக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளிக்கூடம் நிறைந்திருந்தது. நாற்காலிகளில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். சிலருடன் மாமியார்களும் இருந்தார்கள். கர்ப்பிணிகள் எல்லோரும் ஒரே மாதிரி, அளவெடுத்த மாதிரி அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியைப் பார்க்கத்தான் கவிநிலாவுக்குத் தாங்கவில்லை. நடுக்கூடத்தில் நின்று, மண்டித் தெருவில் கத்துகிற குரலில் பேசினாள்.

"எனக்கு ரெண்டு மாசம். இதை வெளியில சொல்லக்கூடாதும்பாங்க, நான் சொல்றேன். இதுக்கு முன்னாடி ரெண்டு போச்சு. ரெண்டு தடவையும் தாயின் கோபம் காரணமாகன்னு வந்துச்சு. அந்த வார்த்தை மிஷின் சொன்னதில்லை. என்ற வீட்டுக்காரர் பதிவு பண்றப்ப அமுக்கினது. உங்கள்ல யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா? உங்களுக்கு என்ன வார்த்தை வந்துச்சு?"

பிரணவ் பின்னாலிருந்து, "கவி, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பெண் காவலாளியைக் கூப்பிட எழுந்தாள்.

"பிடிவாதம்" என்றது ஒரு குரல்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் அவள் முழங்கையைப் பிடித்தான்.

"எனக்கு மேல்படிப்பு" என்றாள் இன்னொருத்தி, எழுந்து நின்றே.

"அம்மா வீட்டுக்குப் போனது" என்று அவளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். ஆங்காங்கே போன்களில் குழந்தைகள் வீறிடத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு கூடம் முழுக்க. ஆண்கள் அவசர அவசரமாகப் பைகளைத் தடவினார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே பெண்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள்.

கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. முதல் வில்லை ஒட்டிக்கொள்ள வந்தவள். பக்கத்தில் அவள் கணவன், பதிவை இப்போதுதான் முடித்தவன், இந்தக் கூச்சலில் வாயைப் பிளந்து நின்றான். அவள் அவன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அவன் எதை அமுக்கியிருக்கிறான் என்று பார்த்தாள்.